கொடியில் உன் சட்டைத் துணி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாய், நம்பிக்கொண்டேன், முழங்கால் மாதிரி எதையாவது மறைத்திருந்தால் பதில் கடிதத்தில் எழுதிவிடு. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சில விஷயங்களைச் சொல்லலாம் என்று போனை எடுத்தால் வாய் தானாக வேறு எதையோ பேசிவிடுகிறது, நேற்றுகூட சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னை வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேசமாட்டாய், அதனால் எழுதுகிறேன். நீ வீடு வாங்கிய செய்தியை அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், முடிவெட்டுகிறவரிடம் மட்டும் இரண்டு தடவை. எனக்கும் சந்தோஷம்தான். வாடகை வீடென்றால் என்றைக்காவது காலி செய்துதானே ஆகவேண்டும் என்று மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தேன், சொந்த வீடு என்றதும் அந்த மூலைதான் காலியானது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அம்மாக்கள் அப்படித்தான்.

அதே போனில்தான் நீ அந்தப் போட்டோவைக் கேட்டாய். நம் ஊர்க் கால்பந்து அணிக்கு நூறு வயதாகிறது, பெரிய கொடியை விரிக்கும்போது அதில் என் சட்டைத் துணி இருக்கிற இடத்தை மட்டும் எடுத்து அனுப்பும்மா, கொடியில் அப்பா எங்கே என்று பாப்பா நச்சரிக்கிறாள் என்றாய். கொடி துவைக்கப் போயிருக்கிறது என்றேன். அடுத்த வாரம் கேட்டாய், மழை என்றேன். அதற்கடுத்த வாரம் கொடி வைக்கிற அறையின் சாவி விசிலிடம் இருக்கிறது என்றேன். விசில் பாவம், ரசிகர் சங்கத் தலைவராகி இருபது வருடமாக அந்தச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் தெருவில்தான் சுற்றுகிறார், கேட்டால் தூக்கத்திலும் கழற்றித் தருவார். மூன்றும் பொய். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன் பாப்பாவுக்குக் கொடியின் கதையைச் சொல்லிவிடு, நீ சொன்னால் கோல் கணக்கோடு நிறுத்திவிடுவாய், நான் சொல்கிற மாதிரி சொல்.

படகு பழுதுபார்க்கிற பட்டறையில் பதினொரு பேர் சேர்ந்து ஆரம்பித்த அணி. ஒரு படகுக்கு அடித்த நீலச் சாயம் மிச்சமிருந்தது, ஒரு தார்ப்பாயில் பூசினார்கள், கொடியாகிவிட்டது. முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், ஜெயித்தவர்கள்தான் சுற்றவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், மறுபடி தோற்றபோதும் சுற்றினார்கள், பிறகு ஜனமும் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் தோற்றாலும் சுற்றுகிற ஒரே கூட்டம் நம்முடையதுதான். சில வருடம் கழித்து இடது ஓரத்தில் ஆடியவர் கப்பல் வேலைக்கு ஊரை விட்டுக் கிளம்பினார். போகிற அன்று கொடியில் கையை வைத்துக்கொண்டு நின்றவர் எடுக்கவே இல்லையாம். அணித் தலைவர் கத்தியை எடுத்து அந்தக் கையைச் சுற்றி வெட்டி, அந்தத் துண்டை அவரிடமே கொடுத்தார். கொடியில் ஓட்டையோடு எப்படி ஊருக்குள் நடப்பது என்று அவருடைய மனைவி அவர் விட்டுப்போன சட்டையைக் கிழித்து அங்கே தைத்தாள். அன்றிலிருந்து இந்த ஊரை விட்டு யார் போனாலும் அதுதான் வழக்கம். கையை வைத்து சாக்பீஸால் வரைந்து, கோட்டின் மேல் நூல் ஓட்டி, சுற்றிலும் சதுரமாக வெட்டிக் கையில் கொடுப்பது, அந்த இடத்தில் அவர்கள் சட்டையை ஒட்டுப் போடுவது. பிறகு அணி சம்பளம் கொடுக்கிற அணியாயிற்று, எங்கிருந்தெல்லாமோ ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ஒரே ஒரு வருடம் முதல் பிரிவுக்கு ஏறி மூச்சு வாங்கிவிட்டு இறங்கினோம், சாயம் பூசிய தார்ப்பாய் போய்த் துணிக்கொடி வந்தது. நம் சொந்தக் கோல்கீப்பர்கூடப் போகும்போது ஒரு துண்டு கேட்டான், எதிரி அணிக்குப் போகிறான் என்று விசில் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொடிக்குப் புதுத் துணி மாற்றினோமே, நான் வேலை பார்க்கிற திரைச்சீலைக் கடையிலிருந்து நீலத் துணிச் சுருள் வந்தது, நீ காலேஜிலிருந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாய், நான் இருநூற்றுப் பதினேழு சட்டைத் துணிகளையும் பிரித்துப் பிரித்துப் புதுக்கொடியில் தைத்தேன். மிச்சத் துணியில் நம் முன்னறை ஜன்னலுக்கு ஒரு திரையும் தைத்தேன், ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் கடையின் வெட்டுமேஜையில் கொடியை விரித்தேன், கீழ் மூலையில் கையை வைத்தாய், வரைந்தேன், நீ பெட்டி கட்டப் போய்விட்டாய். நூலும் ஓட்டிவிட்டேன். கத்தரிக்கோலை எடுத்தபோது கை வரவில்லை. எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறேன், அவர்களுடைய அம்மாக்கள் பக்கத்தில் நின்று அழுதபோது சும்மா இருங்கள், துணிதானே என்று சொன்னவள் நான். அன்றைக்கு மட்டும், வெட்டாவிட்டால் நீ போகவில்லை என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையின் மூலையில் ஒரு சதுரம் வெட்டி உனக்குக் கொடுத்தேன். ஒரே சுருள், ஒரே நீலம், உனக்குத் தெரியவில்லை. விரல்கள் குட்டையாக இருக்கிறதே என்று அங்கே போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்டாய், துணி சுருங்கியிருக்கும் என்றேன். உன் பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத் தைத்துவிட்டேன் என்றும் சொன்னேன், அது ஒன்பது வருடமாக என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நீ இரண்டு தடவை லீவில் வந்தபோதும் ஜன்னல் திரையைத் துவைக்கப் போட்டிருந்தேன், மைதானமும் சீசன் இல்லாமல் மூடியிருந்தது, தப்பித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அணி தோற்கிறபோது அது என்னால்தானோ என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கொடியைச் சரிபார்க்கும்போது உன் கையின் நூல் விட்டுப்போன இடத்தில் மறுபடி ஓட்டுவேன், நீலத்தின் மேல் நீல நூல், யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் என் கையை அதன் மேல் வைத்திருப்பேன், கடையில் யாராவது கூப்பிடும்வரை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூற்றாண்டு ஆட்டத்துக்காகக் கொடியை மைதானத்துப் புல்லில் காயப்போட்டிருந்தார்கள். பையில் சட்டையையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு போனேன். அப்பாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நம் அணிமேல் கோல் விழுந்தால் அதற்கு மேல் கெட்டது எதுவும் காதில் விழவேண்டாம் என்று ரேடியோவை அணைத்துவிடுகிற மனிதர், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். மூலையில் உட்கார்ந்து உன் கையின் நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக இருந்தது, காற்று அடியில் புகும்போது கொடி மெல்ல எழுந்து எழுந்து இறங்கியது, சட்டைத் துணியெல்லாம் யாரோ போட்டுக்கொண்டிருப்பது போல உப்பியது, உன் இடம் மட்டும் வெறும் நீலமாக இருந்தது. அப்பா என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். “ஒம்பது வருஷமா ஜன்னல் திரைல ஓட்ட இருக்கு, நான் ஏதாவது கேட்டேனா? வெட்டு. அவன் அங்க வீடே வாங்கிட்டான், இன்னும் இந்த ஊர் கணக்குல அவன் கெளம்பவே இல்ல” என்றார். அழுதேன், மறைக்கப்போவதில்லை. பிறகு வெட்டினேன். அப்பா சட்டையை இழுத்துப் பிடித்தார், நீ முன்பு பிடித்தது போலத்தான், ஆனால் கோணலாக. பொத்தான் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்துத் தைத்தேன், அவர் பிடித்த லட்சணத்தில் கட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, போட்டோவில் பார்த்தால் திட்டாதே.

ஆட்டத்தன்று கேலரியில் தலைக்கு மேல் கொடியை விரித்தார்கள். நான் எப்போதும் வெளியே நின்று தையல் விடுகிறதா என்று பார்க்கிறவள், அன்றைக்கு உள்ளே போய் நின்றேன். கொடிக்கு அடியில் நின்றால் எல்லார் முகமும் நீலமாகிவிடுகிறது, சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிறது, நேரம் போவதே தெரியவில்லை. மேலே வெளிச்சம் ஒவ்வொரு சட்டை வழியாகவும் ஒவ்வொரு நிறத்தில் இறங்கியது, உன்னுடையது பச்சையாக இறங்கியது. அதன் அடியில் போய் நின்றுகொண்டேன், பக்கத்தில் நின்றவர்கள் தள்ளியும் நகரவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியாமல் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்று சுற்றினோம், அப்பா பாதிச் சுற்று, மீதியை விசில் தோளில் சாய்ந்துகொண்டு.

போட்டோ போனில் வந்து சேரும். இந்தக் கடிதத்தோடு உன் கையை அனுப்பியிருக்கிறேன், கொடியில் ஒன்பது வருடம் இருந்த கை, இருபத்திரண்டு வயதில் வைத்தது. பாப்பாவின் கையை அதன் மேல் வைத்துப் பார், எவ்வளவு நிரம்புகிறது என்று எழுது. புது வீட்டில் குளிர் உள்ளே வருகிறதா, ஜன்னலை அளந்து அனுப்பு, நான் திரை தைத்துத் தருகிறேன். மருமகளிடம் வீட்டு வேலை எல்லாவற்றையும் தள்ளாதே. நீ, உன் வீடு, உன் குழந்தை எல்லாரும் குறையில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், முழங்காலைப் பற்றி எழுதவேண்டாம் என்றும் சொன்னார்.

ஒன்று மறந்துவிடாதே. பழைய துண்டு பொய்த் துண்டு என்று தூக்கிப் போட்டுவிடாதே. அன்று ராத்திரி அதில் வரைந்து தைக்க ஒரு கை வேண்டியிருந்தது, நீயோ தூங்கிக்கொண்டிருந்தாய். துணி சுருங்கவில்லை, அது என் கை.

இப்படிக்கு,
உன் அம்மா