உங்கள் நெஞ்சளவுக்குப் போட்ட மேஜை

என்னைத் தனியாக விட்டுப் போன என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்கள் மேஜையின் காலை அறுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுசு முழுக்க டிப்போவில் பஸ் ரிப்பேர் பார்த்துவிட்டு, ரிட்டையர் ஆனதும் உங்களுக்குப் பொம்மை ரயில் மேல் ஆசை வந்தது. வரட்டும். முன் அறைக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அதற்கென்று மேஜை போட்டீர்கள். எவ்வளவு உயரம் என்று தச்சர் கரீம் பாய் கேட்டதற்கு, நிமிர்ந்து நின்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். குனிந்தால் முதுகு வலிக்குமாம். உங்கள் நெஞ்சும் என் தலையும் ஒரே உயரம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா? ரயில் பெட்டி கீழே விழாமலிருக்க ஓரமெல்லாம் பலகை வேறு. தண்டவாளம் போட்டீர்கள், ஸ்டேஷன் கட்டினீர்கள். டீ கொண்டுவந்த எனக்குத் தெரிந்தது அந்த ஓரப் பலகைதான். ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"முக்காலி போட்டு ஏறிப் பாக்கட்டுங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"விழுந்து கிழுந்து வைக்காத. உனக்கு இதுல என்னாடி புரியப் போவுது?"

உங்கள் சிநேகிதரை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். அவர் சிரித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் அதை மறந்துவிட்டாள் என்றா நினைத்தீர்கள்?

போன வாரம் பெரியவன் வந்தான். "எல்லாத்தையும் வித்துடலாம்மா. ரூம் காலியாச்சுன்னா பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்களுக்கு வாடகைக்கு உடலாம். நாலு பேர் படுக்கலாம்."

"படுக்கட்டும். உன் ரூம்ல பாய் போடு" என்றேன்.

நான் பார்க்காத ஒன்றை யாருக்கோ தூக்கிக் கொடுப்பதா? முக்காலியில் ஏறிப் பார்த்திருக்கலாம், தடுக்க நீங்கள் இல்லை. ஏற மாட்டேன். அது இறங்கி வரட்டும்.

கரீம் பாயை வரச்சொன்னேன். ரம்பத்தை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அண்ணன் இருந்தா என்னைத் திட்டுவாருக்கா."

"அவரு இருந்தா அவரை நான் திட்டிக்கிறேன். நீ அறு பாய்."

நாலு காலையும் அறுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன். நம்ம ஊர் ஸ்டேஷன், பின்னால் மலை. நல்லாத்தான் செய்திருக்கிறீர்கள், அதில்தான் வயிறு எரிகிறது. பிளாட்பாரத்தில் போர்ட்டர், சாமியார், வெள்ளைக்காரர், உங்கள் சிநேகிதர். பெஞ்சில் வழுக்கைத் தலையோடு நீங்கள். உங்கள் காலடியில் ஒரு நாய்கூட இருக்கிறது. பொம்பளை ஒருத்தி இல்லை. நாய்க்கு வண்ணம் அடிக்கும்போதாவது என் ஞாபகம் வரவில்லையா?

களிமண் வாங்கி வைத்திருக்கிறேன். என்னை நானே செய்துகொள்வேன், குள்ளமாகவே. பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்துவேன். சுவிட்சு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று. இனி நான் சொல்லும்போதுதான் வண்டி கிளம்பும். நீங்கள் அந்தப் பெஞ்சிலேயே இருங்கள். உங்களை எடுத்து வெளியே போட மாட்டேன், யாரையும் போடவும் விட மாட்டேன். இது சத்தியம்.

உங்களை விட்டுக்கொடுக்காத, ஆனால் மன்னிக்காத
பொண்டாட்டி அம்சவேணி