கார்டில் அடிக்காமல் விட்ட சொல்

12.6.1987, வெள்ளி

என் கணவரின் மஞ்சள் கண்ணைப் பார்த்ததுமே கிளாங் கிளினிக் டாக்டர் கேட்டார்: "டெய்லி எவ்வளவு சம்சு அடிப்பீங்க?" துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர் என்றால் சாராயம் குடித்தே ஆக வேண்டுமா? தீபாவளிக்குக்கூட பீர் தொடாத மனிதர் கூனிக் குறுகிப்போனார். டாக்டர் அதற்குள் கார்டில் 'டிரிங்கர்' என்று எழுதிவிட்டார்.

"கால் நகத்துப் பூஞ்சைக்கு நீங்க கொடுத்த மாத்திரையத்தான், டாக்டர், இவரு மூணு மாசமா சாப்பிடுறாரு," என்றேன்.

கார்டைப் புரட்டியவரின் முகம் மாறியது. பூஞ்சை தன்னைச் சுற்றித் தோல்போல ஒரு உறையை உண்டாக்க விடாமல் அதைக் கொல்லும் மருந்தாம். சிலருக்குக் கல்லீரலையும் கெடுக்குமாம். கொடுக்கும்போதே இதைச் சொல்ல வாய் வரவில்லை!

"இத நிறுத்திடுவோம்லா," என்று மாத்திரையின் பெயரை அடித்தார். மேலே எழுதிய 'டிரிங்கர்' அப்படியே இருக்கிறது. பேனாவைப் பிடுங்கி நானே அடித்திருக்க வேண்டும்.