பெருமாள் மாமாவுக்கு நீங்கள் கொடுத்த வீடு

என் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். வருகிறபோது வரட்டும். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதனால் இன்னும் சூடு ஆறவில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தைப்பிங்கை விட்டு வந்துவிட்டோம். நான், உங்கள் மருமகன் குமரன், ஆறு வயது தர்வின், மூன்று வயது கவிஷா, நாலு பேரும் இப்போது கிள்ளானில் இருக்கிறோம். லிஃப்ட் இல்லாத ஃப்ளாட், நாலாவது மாடி. குமரனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. பழைய வேலையைவிடச் சம்பளம் கூடுதல்தான். ஆனால் இந்த ஊர் அதையும் தாண்டிக் கேட்கிறது.

ஆமாம், இந்தப் பக்கம்தான். 'அது குடும்பத்துக்கு ஆகாத ஊரு' என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதே பக்கம். நீங்கள் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கி ரயில்வேயில் வேலை பார்த்தீர்கள். அம்மாவும் நானும் தைப்பிங்கில் இருந்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் வருவீர்கள். மிக்சர் பொட்டலம் இருக்கும், எனக்கு ஒரு கதைப் புத்தகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவீர்கள். ரிப்போர்ட் கார்டு கொடுக்கிற நாள், எனக்கு அம்மை போட்ட வாரம், நான் மேடையில் பரிசு வாங்கிய நாள், எதுவும் அந்த ஒரு சனிக்கிழமையில் வந்து விழவில்லை.

எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கேட்காத வருஷம் உண்டா? தையில் கேட்டால் பள்ளிக்கூடம் இப்போதுதான் திறந்திருக்கிறது என்பீர்கள். சித்திரையில் கேட்டால் பரீட்சை வருகிறது. ஆடியில் குடி போகக் கூடாது. புரட்டாசி ஆகாது. மார்கழியில் வாயையே திறக்கக் கூடாது. மிச்சமிருக்கிற மாதங்களில் வீடு கிடைக்காது. ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்.

அதனால்தான் நான் ஆடியிலேயே குடி வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பாதி வீம்பு. மீதி, வேறு வழி இல்லை. இங்கே வீடு தேடுவது லேசில்லை அப்பா. போனில் என் மலாய்ப் பேச்சைக் கேட்டு வந்து பாருங்கள் என்பார்கள். தமிழ்ப் பேரைச் சொன்னதும் வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். பதினோராவது வீட்டில்தான் ஒரு சீன ஆன்டி எங்கள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். சாவி இப்போதே வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் வரை வைத்திருக்க முடியாது என்றார். வாங்கிக்கொண்டேன்.

அம்மா போனில் குதித்தார். "ஆடியில யாராச்சும் குடி போவாங்களா? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"ஆடி பார்த்து நமக்கு என்னம்மா கெடச்சிச்சு?" என்றேன். அம்மா வைத்துவிட்டார்.

குமரனின் நண்பர் லோரியில் சாமான் வந்தது. அலமாரி மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டது. அதைக் கழற்றி, நாலு மாடி தூக்கி, மறுபடி மாட்டியதில் ஒரு கதவு இன்றுவரை மூடுவதில்லை. அடுப்புக்குக் கேஸ் தோங் கொண்டுவருகிறேன் என்ற ஆள் வரவே இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆடியில் என்ன நல்ல நேரம் என்று கேட்காதீர்கள், மனசு கேட்கவில்லை. கடைசியில் ரைஸ் குக்கரில் பால் காய்ச்சினேன். அது பொங்கி மேசையெல்லாம் வழிந்து, மின்சாரம் டப்பென்று போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பால் காய்ச்சும்போது பெரியவர் ஒருவர் இருக்க வேண்டுமே என்று பெருமாள் மாமாவைக் கூப்பிட்டிருந்தேன். உங்கள் சாவில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர். உங்களோடு வேலை செய்தவர் என்பதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. செராஸில் மகன் வீட்டில் இருக்கிறார். முட்டி வலியோடு நாலு மாடி ஏறி வந்து, அந்த இருட்டில் பால் குடித்துக்கொண்டு உங்களைப் புகழ ஆரம்பித்தார்.

"ஒங்கப்பா மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறக்கணும்மா. நாங்க குடும்பமா இருந்தோம்னா அதுக்கு அவருதான் காரணம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் அவரு பேருக்குத்தான் வந்திச்சு, தெரியும்ல? ரெண்டு ரூம்பு, பின்னால எடம். 'எனக்கு வேணாம் பெருமாளு, நீ எடுத்துக்க'ன்னு எழுதிக் குடுத்திட்டாரு. அடுத்த பேரு என்னுது. என் பொஞ்சாதி புள்ளைங்கள பந்திங்லேர்ந்து அந்த மாசமே கூட்டிட்டு வந்திட்டேன்."

எந்த வருஷம் என்று கேட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது.

அவர் நிறுத்தவில்லை. நல்லது சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டே போனார். நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தினமும் அங்கேதான் போவீர்களாம். அவர் மகளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுவீர்களாம். "ஸ்போர்ட்ஸ் டேக்கு எனக்கு ஷிப்ட். அப்பாமார் ஓட்டத்துல எனக்குப் பதிலா அவரு ஓடி ரெண்டாவதா வந்தாரும்மா! ஒரு பிளாஸ்டிக் வாளி குடுத்தாங்க. எவ்வளோ சிரிச்சோம் தெரியுமா?"

நானும் சிரித்தேன் அப்பா. வீட்டுக்கு வந்த பெரியவர், வேறென்ன செய்ய? அவர் போன பிறகு மேசையில் காய்ந்துபோன பாலைச் சுரண்டிக்கொண்டே அழுதேன். குமரன் மின்சாரம் போனதற்கா அழுகிறாய் என்று கேட்டான்.

நீங்கள் ஓடுவீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நீங்கள் நடந்து பார்த்ததுகூடக் குறைவு. வந்தால் படுத்திருப்பீர்கள், அப்பா களைத்துப்போய் வந்திருக்கிறார் சத்தம் போடாதே என்பார் அம்மா. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தேன். தானேதான் வளர்ந்தேன்.

ஏன் அப்பா? இன்னொரு குடும்பம் இருந்தது என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும், ஊரில் நடக்காததா? உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்களிடம் பயமா? தினமும் ஒரு மகள் வந்து கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பாளே என்றா? எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்ற வீட்டில்தான் உங்களால் நல்லவராக இருக்க முடிந்ததா? பதில் சொல்லாமல் போவது உங்களுக்குப் பழக்கம்தான், சரி.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டிருப்பேன். குமரன் விடவில்லை. போன மாதம் எங்களுக்கு மூச்சு முட்டியது. தைப்பிங்கில் பார்த்த மாதிரியே ஒரு கிளினிக் கவுண்டர் வேலை எனக்கும் கிடைத்தது. ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்த கீழ்மாடி அக்கா அப்போது பார்த்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நர்சரிக்குக் கொடுத்தால் என் சம்பளம் அங்கேயே போய்விடும். நான் போகாவிட்டால் வாடகையைத் தாண்டி மூச்சுவிட முடியாது.

குமரன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "நீயும் பிள்ளைங்களும் கொஞ்ச நாளைக்குத் தைப்பிங்குல அத்தை வீட்டுக்குப் போயிடுங்களேன். நான் இங்க ரூம்பு எடுத்துக்கிறேன். மாசம் ரெண்டு தடவை வரேன் லா. ரெண்டே வருசம்தான்."

கையிலிருந்த கரண்டியை எறியவில்லை, அது மட்டும்தான் குறை. "போனா நாலு பேரும் போவோம். இருந்தா நாலு பேரும் இருப்போம். ரெண்டா பிரிக்கிற பேச்சே வேணாம்" என்றேன்.

"நான் ஒங்கப்பா இல்ல."

"எங்கப்பாவும் மொதல்ல ரெண்டு வருசம்னுதான் சொன்னாரு."

தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனான். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சரி, வேற வழி சொல்லு" என்றான். அந்த அரை மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மாடிப்படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

வேறு வழி ஒன்றே ஒன்று. அம்மா இங்கே வந்து இருக்க வேண்டும். போன் செய்தேன். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "ஒங்கப்பா இருந்து பார்த்துச் சொன்ன ஊரும்மா அது. குடும்பம் நடத்த முடியாது. இல்லன்னா நம்மள விட்டுட்டு அந்த மனுசன் தனியா கஷ்டப்பட்டிருப்பாரா? நீ புள்ளைங்களக் கூட்டிட்டு இங்க வந்திரு."

நாக்கு நுனியில் நின்றது. அப்பாவுக்கு வீடு கிடைத்தது அம்மா, அவர்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அம்மா அடுத்த ரயிலில் ஏறியிருப்பார். உங்கள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டே ஏறியிருப்பார். ஆனால் அதன் பிறகு அம்மாவுக்கு என்ன மிச்சம்? கஷ்டப்பட்ட புருஷன் ஒருவர் இருந்தார் என்பதுதான் அவருடைய முழுச் சொத்து. அதைப் பிடுங்கி என் வீட்டு வாடகைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கவிஷாவுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் மட்டும் வாருங்கள் என்றேன். காய்ச்சல் உண்மைதான்.

உடனே பெருமாள் மாமாவுக்கும் போன் செய்தேன். "மாமா, அம்மா வராங்க. அவங்க முன்னால குவார்ட்டர்ஸ் பேச்சு எடுக்காதீங்க." அவர் சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்டார். அப்படி ஒரு வீடு வந்ததே அம்மாவுக்குத் தெரியாது என்றேன், அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒங்களுக்குத்தான் இங்க வர இஷ்டம் இல்லன்னு அவரு சொன்னாரேம்மா" என்றார். அந்தப் பழியையும் எங்கள் தலையில்தான் போட்டிருக்கிறீர்கள். வாழ்க.

அம்மா வந்தார். காய்ச்சல் விட்டது. எட்டாவது நாள், "நீ வேலைக்குப் போ, நான் பார்த்துக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். போன திங்கட்கிழமை முதல் போகிறேன். குறைகள் தினமும் உண்டு, தண்ணீர் சரியில்லை, மீன் சரியில்லை, படி ஏற முடியவில்லை. இருக்கிறார்.

நேற்று சாயங்காலம் குமரன் வேலை முடிந்து வந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். இரண்டாவது மாடியில் பிடித்துவிட்டார்கள். ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் காலிலும் சுமந்துகொண்டு அவன் திட்டிக்கொண்டே ஏறினான். அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்பவே தேடியிருந்தா, இது மாதிரி ஒரு வீடு நமக்குக் கெடச்சிருக்குமா சாந்தி?"

"கெடச்சிருக்காதும்மா. அப்பல்லாம் ரொம்ப கஷ்டம்" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றார் அம்மா. "கெடச்சிருந்தா ஒங்கப்பா விட்டிருப்பாரா?"

இருபத்திரண்டு வருஷம் நீங்கள் சொன்ன பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டீர்கள். அம்மா இருக்கிறவரை அதைக் காப்பாற்றுவேன், இது சத்தியம். அதுவரை நீங்கள் கஷ்டப்பட்ட மனிதராகவே இருங்கள். அம்மாவுக்குப் பிறகு என் பிள்ளைகளை உட்கார வைத்து, 'உங்கள் தாத்தாவுக்கு ஒரு வீடு கிடைத்தது' என்று ஆரம்பிப்பேன்.

மாதத்தில் இரண்டு நாள் உங்கள் மகளாக இருந்த,
சாந்தினி