ஜன்னலைச் சாத்தும் நேரம்

மொதேனா,
ஏப்ரல் 18, 2022

எர்சிலியாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்த இடது முழங்கால் பழைய ஆல்ஃபா காரின் கிளட்சை மிதிக்க மறுக்கிறது. மிரெல்லா தன் மின்சாரக் காரை அப்பாவுக்கு என்று விட்டுப்போயிருக்கிறாள். கியர் கிடையாது, மிதித்த உடனே பாய்கிறது. நம் சிவப்பு ஆல்ஃபா மூன்றாம் கியருக்கு வருவதற்குள் இது மலையில் பாதி ஏறிவிடும். ஐந்து பேர் உட்காரலாம். ஆனால் சத்தமில்லை, பெட்ரோல் வாசனை இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது.

உன் பிறந்தநாளுக்கு எதில் வரட்டும்? வருஷா வருஷம் போல இந்த முறையும் உன் ஜன்னல் சாத்தியிருந்தால் இனி மலை ஏறமாட்டேன்.

ஓஸ்வால்டோ

மோன்தெகியாரா,
ஏப்ரல் 25

ஓஸ்வால்டோ,

"நம்" ஆல்ஃபாவா? அது எப்போது எனக்கும் சொந்தமானது? மிரெல்லா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதில் இரண்டே இருக்கை. ஒன்றில் நீ, மற்றதில் உன் அம்மா. பச்சைத் தலைத்துணி கட்டியிருந்தாள். "காத்து பட்டா புள்ளைக்கு ஆகாது, நீ பஸ்ல வந்துடு" என்றாய். வண்டியின் துணிக்கூரையை மூடச் சொன்னேன். "மூடினா இன்ஜின் சத்தம் எப்படிடி கேக்கும்?" என்றாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். பல வருஷம் தாமதமாகக் கட்டினேன்.

இப்போது ஐந்து இருக்கையாம். யாரை உட்காரவைக்கப் போகிறாய்?

ஆல்ஃபாவிலேயே வா. தேவாலய வளைவில் கியரை இறக்கும்போது அது ஒருமுறை இருமும். அது எனக்குக் கேட்டாக வேண்டும்.

எர்சிலியா

மொதேனா,
மே 3

எர்சிலியா,

எதற்குக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருமல் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவாய். நான் வாசலுக்கு வருவதற்குள் வீடே இருட்டாகிவிடும். அந்த நேரம் உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். முழங்கால் போனால் போகட்டும். பதினைந்தாம் தேதி ஞாயிறு, ஆல்ஃபாவில் வருகிறேன்.

ஓஸ்வால்டோ

மோன்தெகியாரா,
மே 9

ஓஸ்வால்டோ,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வளைவில் எது உறுமினாலும் எழுந்துவிடுகிறேன். மாவு பிசைந்த கையோடு ஓடுகிறேன். நேற்று ஒரு டிராக்டருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டேன். பக்கத்து வீட்டு தோஸ்கா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்: "வெயிலடிக்குதே, யாருக்குடி பயந்து சாத்துற?"

பயமெல்லாம் இல்லை. சத்தம் கேட்டால் பஸ் ஞாபகம் வருகிறது, கை தானாகக் கொக்கிக்குப் போகிறது. இத்தனை வருஷமும் அப்படித்தான். ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நீ திரும்பிப் போகிற சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆல்ஃபா வேண்டாம். அந்த ஊமை வண்டியிலேயே வா. சாத்துவதற்கு எனக்கு நேரம் கொடுக்காதே.

எதையும் நான் மறந்துவிடவில்லை. பச்சைத் தலைத்துணி உட்பட. வரும்போது உன் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கக் கூடாது.

எர்சிலியா