வாசலில் இன்னொரு சோடிச் செருப்பு

பிளேஸ்டோ, லண்டன்,
ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மா,

அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமல் விட்டுவிட்டது, கவலை வேண்டாம்.

நாளை நான் எடுத்த திகில் குறும்படத்தைக் கல்லூரியில் கையளிக்க வேண்டும். அதில் தனியே வாழும் ஒரு பெண் வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். பக்கத்தில் மழையில் நனைந்த ஆண் செருப்பு ஒரு சோடி கிடக்கிறது. அவள் கவனிக்காமல் உள்ளே போகிறாள். செருப்போடே வீட்டுக்குள் போய்ப் பழகிய என் வகுப்பில் யாருக்கும் பயம் வரவில்லை. “ஒன்றும் நடக்கவில்லையே, இந்தக் காட்சியை வெட்டிவிடு” என்றார் ஆசிரியர். வெட்டத்தான் இருந்தேன்.

நேற்று, நான் குடியிருக்கும் வீட்டுச் சந்திரவதனா அக்கா தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் படத்தைப் போடவைத்தார். வடையும் தேநீருமாக ஒரே இரைச்சல். அந்தச் செருப்பு திரையில் வந்ததும் மண்டபமே அடங்கிவிட்டது. அக்கா எழுந்தே விட்டார்.

“ஐயோ பிள்ளை, உள்ளுக்கை போகாதை! ஆரோ நிக்கிறான்!”

“அவளுக்குக் கேக்காதக்கா, இருங்கோ” என்றார் பின்னால் ஒருவர்.

கத்தியோ இரத்தமோ நான் காட்டவில்லை. வாசலில் செருப்பிருந்தால் உள்ளே ஆள் உண்டென்று மண்டபத்திலிருந்த அறுபது பேருக்கும் தெரிந்திருந்தது; மீதிப் படத்தை அவர்களே மனதுக்குள் எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் குறைந்தாலும் அதை வெட்டமாட்டேன்.

படத்தை அனுப்புகிறேன். பார்க்கும்போது என்னை அழைத்து, போனைப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் மூச்சடக்கி இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

மகள்,
தர்மிகா