பலாப்பழப் பாயச ஸ்டவுட்டை அண்ணாந்து குடித்துவிட்டு "மணம் இல்லை" என்று எழுதியது பற்றி

அனுப்புநர்
அ. சவரியம்மாள்,
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு),
ஓமக்குளம், சிதம்பரம்.

பெறுநர்
உதவி ஆணையர் (ஆயத்தீர்வை) அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: கடலூரில் தங்கள் அலுவலக அனுமதியுடன் நடந்த பலகாரச் சுவை ஸ்டவுட் பீர் போட்டி – என் மகள் காய்ச்சிய பீரை நடுவர்கள் முகர்ந்துகூடப் பார்க்காமல் "மணம் இல்லை" என்று எழுதியது – மறுபடி ருசி பார்க்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நடுவர்களில் ஒருவரான எழிலரசி தம் செல்போனில் எடுத்து இணையத்தில் போட்ட வீடியோ.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. அழுகின முட்டை வந்ததற்கு எழுதியிருக்கிறேன், பருப்பில் பாதி கல்லாக வந்ததற்கு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் காலம் தள்ளியவளுக்குச் சந்தேக புத்தி தானாக வந்துவிடும். மூட்டையின் தையலைப் பார்த்தே நடுவில் யார் கை வைத்தார்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் கண்ணுக்கு இந்தப் போட்டியில் பட்டதையெல்லாம் பணிவுடன் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. என் மகள் இசைவாணி உணவு வேதியியல் படித்தவள். புதுச்சேரியில், அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் ஒரு மதுக்கூடத்தில் காய்ச்சும் பொறுப்பு முழுக்க அவளுடையது. படிக்க வைத்த பெண்ணை இதற்கா அனுப்பினாய் என்று தாங்களும் நினைக்கலாம். நானே அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள்தான். மாதா கோயில் வாசலில் "சாராயம் காய்ச்சுற பொண்ணோட அம்மா" என்று என் காதுபடவே சொன்னார்கள். பிறகு ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன். நான் வேலை பார்த்த சமையல்கட்டு எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அண்டாவுக்கு மேல் குனிந்து மூக்கால் வாசம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடங்கியது என் வாய்.

3. அவளுடைய தொழிலுக்கு மூக்குதான் மூலதனம். கொரோனா வந்தபோது அந்த மூக்கு போய்விட்டது. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மீன் கழுவின தண்ணியும் ஒன்றுதான் என்று பல மாதம் இருந்தாள். தினமும் காலையில் பெருங்காய டப்பாவையும் காபித்தூளையும் மாற்றி மாற்றி முகர்ந்து, தானே பழக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டு வந்தாள். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். என் வழக்கே இதுதான்.

4. கடந்த 02.08.2025 சனிக்கிழமை, கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் ஓட்டல் மண்டபத்தில் போட்டி நடந்தது. ஸ்டவுட் என்பது பார்லியைக் கருக வறுத்துக் காய்ச்சும் கறுப்பு பீர் என்றும், அதில் கேக், பால்கோவா, பாயசம் போன்ற இனிப்புப் பலகாரங்களின் சுவையைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் போட்டி என்றும் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். தங்கள் அலுவலகத்து அனுமதி வாசலில் ஒட்டியிருந்தது, நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மொத்தம் ஆறு பேர் காய்ச்சி எடுத்து வந்திருந்தார்கள். என் மகளுடையது பண்ருட்டிப் பலாப்பழத்தில் செய்த பாயச ஸ்டவுட். பலா, வெல்லம், ஏலக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நாக்குக்குத் தித்திப்பு இருக்காது. தித்திப்பு முழுக்க வாசத்தில் இருக்கும், நாக்குக்குக் கசப்பு, மூக்குக்குப் பாயசம், அதுதான் வித்தை என்பாள். பாதிரியாரிடம் சொல்லாமல் அதன் வெற்றிக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றியதையும் மறைக்கவில்லை.

5. நடுவர்கள் மூன்று பேர். போட்டி நடத்திய மன்றத்தின் தலைவர் தேவநாதன், இவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் பேக்கரி வைத்திருக்கும் லூர்துசாமி. மூன்றாமவர் சாப்பாட்டு வீடியோ போடும் குறிஞ்சிப்பாடி எழிலரசி. எங்களைக் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவர்களின் பின்மண்டையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. முடிவில் பால்கோவா ஸ்டவுட் காய்ச்சிய செம்பியன் என்பவருக்கு முதல் பரிசு. என் மகளுக்குக் கடைசி இடம். கூடவே ஒரு குறிப்பு: "கருகிய கசப்பு. மணம் அறவே இல்லை. காய்ச்சியவர் முகர்ந்து பார்த்தாரா என்பதே ஐயம்." ஐயா, இந்தக் கடைசி வரியை எழுதின கை நன்றாக இருக்கட்டும். என் பெண் அதைப் படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

6. அன்றிலிருந்து அவளுக்குத் தன் மூக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. மறுபடி பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வருதாம்மா? எனக்கு நெசமா வருதா, இல்ல வர்ற மாதிரி நெனச்சிக்கிறனா?" என்று கேட்கிறாள். அடுத்த அண்டாவில் நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்த பீரைக் கெட்டுவிட்டது என்று அவளே சாக்கடையில் திறந்துவிட்டாள். மதுக்கூடத்து முதலாளி அருண்குமார் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இந்த மாதம் முடிந்ததும் காய்ச்சும் பொறுப்பை செம்பியனிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார். அவர் யோசிக்கட்டும். அவர் சொல்வதற்கு முன்பே இவள் ராஜினாமா எழுதிப் பையில் வைத்திருக்கிறாள்.

7. இனி என் சந்தேகங்கள். முதலாவது, கிளாஸ் பெட்டி. நடுவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கிளாஸ் வைப்பதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பெட்டி செம்பியனின் வேனில் வந்தது. வரும் வழியில் பீர் பீப்பாய் சாய்ந்து எல்லாம் நொறுங்கிவிட்டதாம். எல்லாம் நொறுங்கியதில் சரியாக ஆறு கிளாஸ் மட்டும், வகைக்கு ஒன்று வீதம், கீறல் கூட இல்லாமல் தப்பித்தது எப்படி? வேன் டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். வேகத்தடை, வேகத்தடை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஓட்டலில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கடுக்காக இருந்தது. கறுப்பின் நிறம் பார்க்கக் கண்ணாடிதான் வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு வகைக்கு ஒரே கிளாஸ், மூன்று நடுவர்கள்.

8. இரண்டாவது, லூர்துசாமி நடுநடுவே எதையோ வாயில் போட்டு மென்றார். சோம்பு என்று கேள்விப்பட்டேன். ருசி பார்க்க வந்தவருக்குச் சோம்பு எதற்கு? அதையும் விசாரித்தேன், வாயு உபாதையாம். இருக்கட்டும்.

9. மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மனசு ஆறாது. எழிலரசி போட்ட வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் போனில் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் என் மகளின் கிளாஸைத் தலைவர் வாயில் படாமல் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார். பார்த்த உடனே எனக்குப் பழைய ஞாபகமெல்லாம் வந்து உடம்பு எரிந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் பெண் கை பட்டது என்பதாலா இந்த அண்ணாத்தல்? இவ்வளவு படித்த பிறகுமா? அப்போதே மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை, முழுதும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று. முழுதும் பார்த்தேன். பால்கோவாவையும் அண்ணாந்துதான் குடித்தார்கள். கேக்கையும் அப்படியே. ஆறையும் மூன்று பேரும் அண்ணாந்தே ஊற்றிக்கொண்டார்கள். எனவே அந்தச் சந்தேகத்தை இந்த மனுவில் நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கோபத்தைத் திரும்பப் பெற எனக்கு நாள் பிடிக்கும்.

10. பிறகு ஏன் அண்ணாந்தார்கள் என்று தலைவருக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "என்னம்மா பேசுறீங்க, நாங்க ரெண்டு ஆம்பளைங்க, அந்தப் பொண்ணு எழிலரசி கல்யாணம் ஆனவங்க. ஒரே கிளாஸ்ல எச்சி பண்ணி எப்படிம்மா குடிப்போம்? மரியாதை வேணாமா?" ஐயா, சரி என்று போனை வைத்துவிட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் குடித்திருப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை மேல் இருந்த ஒரே டம்ளரில் அத்தனை பிள்ளைகளும் வாய் வைக்காமல் குடிக்கப் பழகியது என் அதட்டலில்தான். மூன்று பேரும் நல்லவர்கள், ஒருவருக்கொருவர் மரியாதை காட்டினார்கள். அந்த மரியாதையில் ஒருவர் மூக்கும் கிளாஸ் பக்கம் போகவில்லை. பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பீர் நேரே தொண்டையில் இறங்கியது. சர்க்கரை கொட்டின பால்கோவா எப்படி ஊற்றினாலும் தித்திக்கும். என் மகளுடையது வாசத்தை நம்பி வந்தது.

11. இதை நான் வெறும் வாயால் சொல்லவில்லை. மிச்சம் வந்த ஒரு பாட்டில் என் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. (தங்கள் அலுவலக அனுமதிச் சீட்டுடன் வந்ததுதான், அதற்காக என் மேல் வழக்குப் போட்டுவிட வேண்டாம்.) மகள் புதுச்சேரிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போன பிறகு, பகலில், கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். இத்தனை வயதில் இந்த வஸ்து என் நாக்கில் பட்டதில்லை. பழக்கப்படி முதல் மடக்கை அண்ணாந்து ஊற்றினேன். சட்டி அடிப்பிடித்த கஷாயம்! நுரை மூக்கில் ஏறிப் புரை போனது. அடக் கடவுளே, அவர்கள் எழுதியது சரிதானோ, நிஜமாகவே பிள்ளைக்கு மூக்கு போய்விட்டதோ என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலை அப்படியே வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அதன் குளிர் விட்டிருந்தது. கொட்டிவிடலாம் என்று எடுத்தவள், என்ன தோன்றியதோ, வாய் அகன்ற கண்ணாடி டம்ளரில் ஊற்றி, உதடு வைத்து, எச்சில் பண்ணி ஒரு வாய் குடித்தேன். டம்ளருக்குள் என் மூக்கு போனது. ஐயா, பலாச்சுளை! அப்போதுதான் பிளந்த பழம் போல. பின்னால் ஏலக்காய், அதற்குப் பின்னால் கொதிக்கிற வெல்லம். பள்ளிக்கூடத்தில் சோற்றை உள்ளங்கையில் போட்டு ருசி பார்த்து, சரி என்று நான் சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள். என் நாக்கு பொய் சொன்னதில்லை. நான் அழுதுவிட்டேன்.

12. மகள் வந்ததும் சொன்னேன். "போம்மா, நீ எனக்காகச் சொல்ற" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவளையே வாய் வைத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். குடித்தாள். வாசம் வருவதாகத்தான் தெரிகிறது, அந்த மூக்கைத்தானே நம்ப முடியவில்லை என்றாள். இதற்கு மேல் என் கையில் என்ன இருக்கிறது?

13. தலைவர், நடுவர் தீர்ப்பே இறுதியானது என்கிறார். தங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று கீழே இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தத் தலைவரிடமே "உரிய நடவடிக்கைக்காக" போய்ச் சேரும் என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு, என் பழைய மனுக்கள் பல அந்த வழியில்தான் போயின. ஆகவே இதன் நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் தங்கள் பெயருக்கே அனுப்பியுள்ளேன். நிகழ்ச்சிக்கு அனுமதி தந்தவர் தாங்கள் என்பதால் தாங்கள் கூப்பிட்டால் மூவரும் வருவார்கள். மாதம் முடிவதற்குள் அவர்களை அழைத்து, ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, பனிக்கட்டியில் வைக்காமல், உதடு வைத்து ஒரே ஒரு வாய் குடிக்கச் சொல்ல வேண்டும். கிளாஸ் நான் வாங்கித் தருகிறேன், பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வருவேன். செம்பியனின் வேனில் மட்டும் அனுப்ப மாட்டேன்.

14. பரிசு எங்களுக்கு வேண்டாம். அது செம்பியனிடமே இருக்கட்டும். குடித்த பிறகு அவர்கள் மூக்கில் பட்டது எதுவோ, அதை என் மகளை எதிரே உட்கார வைத்து அவர்கள் தம் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அம்மா சொல்வது என்று தள்ளிவிடுகிறாள். என்னோடு உறவு எதுவும் இல்லாத ஒருவர், அவள் முகத்தைப் பார்த்து, பலாப்பழ வாசம் வருகிறது அம்மா என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மனு.

தங்கள் உத்தரவுக்காக வழி பார்த்திருக்கும்,

அ. சவரியம்மாள்
(கையொப்பம்)

இடம்: சிதம்பரம்
நாள்: 14.08.2025