மூன்றாம் கியரைப் பிடித்த கை

சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கழுவினாலும் கையிலிருந்து கியர் ஒயில் மணம் போகவில்லை. சோறு பிசையும்போதும் வருகிறது. வந்தால் வரட்டும். கல்யாணமான நாள்தொட்டு உங்களில் மணத்தது இதுதானே.

மொரிஸ் மைனரின் கியர்பொக்ஸைக் கழற்றிப் பின்னறை மேசையில் பரப்பி வைத்தீர்கள். பூட்டுவதற்குள் கண்ணை மூடி மௌத்தாகிவிட்டீர்கள். மாப்பிள்ளையாக என் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்தது அந்தக் கார் ஒன்றைத்தான். வீடு உனக்கு, கார் எனக்கு என்று எத்தனை சண்டையில் சொல்லிக்காட்டியிருப்பீர்கள். நீங்கள் மௌத்தான கிழமையே என் கூடப்பிறந்த காக்கா வந்தார்.

"பழைய இரும்பு எடுக்கிறவனுக்குச் சொல்லிட்டன். இத்தா முடியட்டும், லொறி வரும்."

"லொறி வேணாம் காக்கா. அது தன்ட காலால இந்த வாசல் கடப்பால போகும்."

துக்கத்தில் கதைக்கிறாள் என்று அவர் நினைத்தார். எனக்கோ கோபம்.

புருஷன் மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவள் வெளியே போக முடியாது. பிற ஆண் உள்ளே வர முடியாது. போன் இருந்தது. சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்தும் உங்கள் கூட்டாளி பாஸ் போனில் சொல்லச் சொல்ல, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாகப் பூட்டினேன். ஒரு சின்ன உருக்குக் குண்டு துள்ளி அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது. வெள்ளைச் சேலையோடு தரையில் படுத்து அதைத் தேடும்போதா ஆறுதல் சொல்லப் பெண்கள் வரவேண்டும்? சேலையின் கறையைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் கியர் நினைவிருக்கிறதா? போட்டால் நிற்காது, துள்ளிக் கழன்றுவிடும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும்போதெல்லாம், "புள்ள, பிடிச்சுக்க" என்பீர்கள். இடப்பக்கம் இருந்தபடி லீவரை அழுத்திப் பிடிப்பேன். நிந்தவூர் வருவதற்குள் கை விறைத்துவிடும். நான் லைசன்ஸ் எடுத்த பிறகும் ஸ்டியரிங்கைத் தராமல் லீவரை மட்டும் தந்த மனிதர் நீங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஸ்பிரிங். கியர் கழலாமல் அந்தக் குண்டை அழுத்தி வைக்க வேண்டியது, சோர்ந்துபோய்க் கிடந்தது. இது அவருக்குத் தெரியாதா என்று பாஸிடம் கேட்டேன்.

"தெரியும் ராத்தா. மாத்துவம் எண்டால், வேணாம், பிடிக்க ஆளிருக்கு எண்டுவார்."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புது ஸ்பிரிங்கைப் போட்டேன்.

இத்தா முடிந்ததும் பாஸ் வந்தார். அவரோடு காருக்கு அடியில் படுத்துப் கியர்பொக்ஸைத் தூக்கிக் கொடுத்தவர் காக்காதான். ஓட்டியது நான். கடப்பைத் தாண்டி, அக்கரைப்பற்று றோட்டில் ஏறி மூன்றாம் கியரைப் போட்டேன். அசையாமல் நின்றது. ஆனாலும் நிந்தவூர் தாண்டும்வரை என் கை லீவரை விடவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் நான் இருந்தேன். எனக்குப் பிடிக்க ஆளில்லை.